அனுமதி மறுக்கப்பட்டது

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். இருபது வருடங்களாக இந்தத் தொழிலில் குப்பை கொட்டிய பிறகும், கறுப்புத் திரையில் 'பெர்மிஷன் டினைட்' என்ற இரண்டு சொற்களைக் கண்டால் அடிவயிற்றில் ஏதோ புரளத்தான் செய்கிறது. அனுமதி மறுக்கப்பட்டது. பெரும்பாலான நாட்களில் அது பத்து நிமிட எரிச்சல். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து சரிசெய்துவிடலாம். 2021 ஆகஸ்டு 22, ஞாயிற்றுக்கிழமை இரவு அப்படி இருக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இறந்துபோன ஒருவரின் ஏழு வார உழைப்பு இருந்தது. அதை வைத்திருந்த கணினியின் வாடகை ஒன்பது நாட்களில் முடிய இருந்தது.

அவரை நான் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பதிவுத் தபால் பிரிவில் கழித்து ஓய்வு பெற்றவர். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஏரிக்கரைப் பக்கம் மாலை நடை போகும்போது பழக்கம். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை இரைந்துகொண்டிருக்கும், இன்னொரு பக்கம் மின்சார ரயில். நடுவில் அவர் யாப்பைப் பற்றியோ பழைய அச்செழுத்துகளைப் பற்றியோ பேசிக்கொண்டு வருவார். எனக்குப் பாதி புரியும்.

ஓய்வுக்குப் பிறகு சார் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மறைமலையடிகளின் உரைநடை நூல்களைத் தட்டச்சு செய்து, பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டு, பிழையில்லாத மின்பிரதி ஒன்றை உருவாக்குவது. ஏன் மறைமலையடிகள் என்று கேட்டேன். "பல்லாவரம் நமக்கு நாலாவது ஸ்டேஷன் தம்பி" என்றார். பெருங்களத்தூரில் ஏறினால் தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். அடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு 1911ல் பல்லாவரத்தில் குடியேறியவர். அவர் விட்டுவந்த கல்லூரியும் 1937ல் தாம்பரத்துக்கே வந்து சேர்ந்தது. சாருக்கு இந்தத் தற்செயலில் ஒரு தனி மகிழ்ச்சி. நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் உரிமைச் சிக்கலும் இல்லை.

2011லிருந்து நான்கு வருடங்கள் தட்டச்சு செய்தார். எல்லாம் ஒரே கணினியில், ஒரே கோப்புறையில். அந்தக் கணினி அவர் வீட்டுக் கூடத்தில் தரையோடு ஒட்டிய ஒரு பலகையின்மேல் இருந்தது. 2015 டிசம்பர் 1. அன்றும் மறுநாள் காலை வரையிலும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. நீர் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது கணினிப் பெட்டியின் காற்றுத் துளைகளில் சேறு உலர்ந்து அடைத்திருந்தது. வன்தட்டை எடுத்துக்கொண்டு ரிச்சி தெரு வரை அலைந்தோம். எதுவும் தேறவில்லை.

"மறுபடி அடிக்கறேன். ஆனா இந்தத் தடவை தண்ணி வராத எடத்துல வைக்கணும்" என்றார். அப்படித்தான் தொலைக்கணினி வந்தது.

*

சிங்கப்பூரில் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் வழங்கி ஒன்றில் சிறு பங்கை வருட வாடகைக்கு எடுத்தோம். வாடகையை வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள் கட்டினார். நூல்களை அதில் 'கிட்' என்ற மென்பொருளின் பொறுப்பில் வைத்தேன்.

கிட் என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு: லினக்ஸ் உருவாக்குபவர்கள் பயன்படுத்திவந்த கருவி கைவிட்டுப் போனதால், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. ஒரு கோப்பில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும், எப்போது, யாரால், ஏன் என்ற குறிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும். இப்படிச் சேமிப்பதைக் 'கமிட்' என்பார்கள். பழையது எதுவும் அழியாது. எந்த நாளைய பிரதியையும் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். சாருக்கு நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை. "பாடபேதம். உ.வே.சா. அடிக்குறிப்புல குடுப்பாரே, அதானே?" என்று கேட்டுவிட்டு, கட்டளைகளை ஒரு சிறிய டைரியில் எழுதிக்கொண்டார்.

வழங்கிக்குள் நுழைய எஸ்.எஸ்.எச். என்ற வழிமுறை. 1995ல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு யிலோனன் உருவாக்கியது. அங்கே வலையமைப்பை ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடிய ஒரு சம்பவம்தான் காரணம். அதுவரை தொலைக்கணினிக்குள் போகிறவர்கள் கடவுச்சொல்லை அப்படியே கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிட்டுக்கு முந்தைய தலைமுறைக் கருவியான சி.வி.எஸ்.கூட, அதன் எளிய அமைப்பில், கடவுச்சொல்லைக் கொஞ்சம் எழுத்து மாற்றிக் கலைத்து அனுப்பியதோடு சரி. எஸ்.எஸ்.எச்.சில் கடவுச்சொல்லே வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவி செய்து உங்களிடம் வைத்துக்கொள்கிறீர்கள். அதற்கான பூட்டை எத்தனை வேண்டுமானாலும் செய்து, எந்தக் கதவில் வேண்டுமானாலும் மாட்டலாம். பூட்டை ஊரே பார்க்கலாம், பாதகமில்லை. சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே போகாது. சாவி உங்களிடம் இருக்கிறது என்பதை மட்டும் கணக்குப் போட்டு நிரூபித்தால் கதவு திறக்கும்.

முதல் நாள் சார் உள்ளே நுழைய முயன்றபோது திரை வழக்கமான கேள்வியைக் கேட்டது: இந்த வழங்கி உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை, இதன் கைரேகை இது, தொடரட்டுமா? உலகத்தில் எல்லாரும் 'யெஸ்' என்று தட்டிவிட்டுப் போகும் இடம் அது. நானும் அப்படித்தான். சார் கையை எடுத்துவிட்டார்.

"இது அந்த வீடுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாமதானே சார் வாடகைக்கு எடுத்தோம்?"

"தபால்ல விலாசம் சரியா இருந்தா மட்டும் போதாது தம்பி. கதவத் தொறக்கற ஆளும் சரியான ஆளா இருக்கணும்."

வேறு வழியில்லாமல், வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கம் வழியாக வழங்கியின் திரைக்கே போய், அதன் கைரேகையை எடுத்து ஓரெழுத்து விடாமல் படித்தேன். அவர் திரையில் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு 'யெஸ்' தட்டினார். பதிவுத் தபால் ரசீதைச் சரிபார்க்கும் விரல் அது.

இன்னொரு நாள் எனக்குப் பாடம் கிடைத்தது. நானும் திருத்தட்டும் என்ற நல்லெண்ணத்தில் சார் தம் முகப்புக் கோப்புறையை 'யாரும் எழுதலாம்' என்று மாற்றிவைத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவருக்கே கதவு திறக்கவில்லை. சாவி அதே சாவி, பூட்டு அதே பூட்டு. மூன்று மணி நேரம் விழித்த பிறகு வழங்கிக்குள் இருக்கும் பதிவேட்டைப் பார்த்தேன். அங்கே காரணம் தெளிவாக எழுதியிருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கோப்புறைக்குள் இருக்கும் பூட்டை நம்ப முடியாது, யாராவது வேறு பூட்டை மாட்டிவைத்திருக்கலாம் என்று வழங்கி அதைப் புறக்கணித்துவிட்டது. வெளியே நிற்பவரிடம் இந்தக் காரணத்தைச் சொல்லாது. சொன்னால் திருடனுக்கும் சொன்னதாகிவிடும். வெளியே ஒரே பதில்தான்: அனுமதி மறுக்கப்பட்டது. அதன்பிறகு அந்தக் கோப்புறையைப் 'பிறர் பார்க்கலாம், எழுதக்கூடாது' என்று மாற்றினோம். அந்தச் சிறு ஏற்பாடு பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

இன்னொரு பிரதி கிட்ஹப்பில் இருந்தது. ஊரில் வெள்ளம் வந்தால் சிங்கப்பூர். சிங்கப்பூருக்கு ஏதாவது ஆனால் கிட்ஹப். கணக்கு சார் பெயரில். மாதத்தின் முதல் ஞாயிறு நான் அவர் வீட்டுக்குப் போவேன். வழங்கியில் சேர்ந்திருக்கும் கமிட்களை அவர் அங்கிருந்து கிட்ஹப்புக்குத் தள்ளுவார். கடவுச்சொல் கேட்கும், டைரியைப் பிரித்துவைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிறகு காபி வரும்.

கடைசியாக அப்படித் தள்ளியது 2021 மார்ச் 7. ஏப்ரல் முதல் ஞாயிறு தொற்று ஏறிக்கொண்டிருந்ததால் நான் போகவில்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டோம். மே மாதம் சார் போய்விட்டார். மருத்துவமனை, ஆக்சிஜன், வரிசை. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. எல்லார் வீட்டுக் கதையும்தான்.

*

ஆகஸ்டில் அவர் மகள் அழைத்தார். வழங்கியின் வருட வாடகை மாதக் கடைசியில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டுமா, அப்பா வேலை எதுவும் அதில் மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்றிரவு உட்கார்ந்தேன். முதல் தட்டிலேயே அனுமதி மறுக்கப்பட்டது.

காரணம் எளிது. ஊரடங்குக் காலத்தில் மடிக்கணினியை மாற்றியிருந்தேன். சாவி பழையதில் இருந்தது. பரணிலிருந்து அதை இறக்கி, மின்கலம் செத்துப்போயிருந்ததால் கம்பியிலேயே ஓட்டி, சாவிக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துவந்தேன். இப்போது வேறு வசவு: சாவிக் கோப்பு எல்லாரும் படிக்கும்படித் திறந்து கிடக்கிறது, இதைப் பயன்படுத்தமாட்டேன். பென்டிரைவ்களின் வழக்கமான கோப்பு அமைப்புக்கு யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற குறிப்பெல்லாம் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆகவே அதன் வழியாக வரும் கோப்பு எல்லாருக்கும் திறந்த கோப்பாகத்தான் வந்து இறங்கும். 'சிஎச்மாட் 600' என்ற கட்டளையால் உரியவர் மட்டுமே படிக்கலாம் என்று மாற்றினேன். கதவு திறந்தது.

பதிவுகளின் பட்டியலைப் பார்த்தேன். மார்ச் 7க்குப் பிறகு 61 கமிட்கள். ஒவ்வொன்றின்மேலும் சாரின் பெயர், தேதி, நேரம். பெரும்பாலும் இரவு பதினொன்றுக்குமேல். ஒவ்வொன்றுக்கும் தமிழில் குறிப்பு. 'பக்கம் 84 வரை பார்த்தாயிற்று.' 'ரகரம் வரவேண்டிய இடத்தில் கால் விழுந்திருந்தது, ஏழு இடம்.' 'பழைய ணை, லை எழுத்துகளைக் கருவி படிக்கவில்லை, கையால் அடித்தேன்.' 1978ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சைப் படக்கருவியைக் கொண்டு வாசிக்கவைத்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். கடைசிக் குறிப்பு ஏப்ரல் 24: 'பக்கம் 112, கீழிருந்து நான்காம் வரி. என் பிரதியில் பூச்சி அரித்திருக்கிறது. ஒரு சொல் தெரியவில்லை. வேறு பிரதி பார்க்கவேண்டும்.'

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு வழக்கமான கட்டளையைத் தட்டினேன், எந்த இடத்தில் நிற்கிறேன் என்று பார்ப்பதற்காக. கடவுச்சொல் கேட்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், ஏதோ ஒன்றைத் தட்டியதும் வந்த பதில்: கடவுச்சொல் வழியான அனுமதி 2021 ஆகஸ்டு 13 அன்று நீக்கப்பட்டது, அதற்குப் பதிலாக அடையாளச் சீட்டைப் பயன்படுத்தவும்.

ஒன்பது நாட்களுக்குமுன். வேலை செய்யும் இடத்தில் இந்த மாற்றம் பற்றி மாதக்கணக்காகத் தெரிந்திருந்தும், சாரின் டைரிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மனிதர்கள் ஒரே கடவுச்சொல்லை நாலு இடங்களில் பயன்படுத்துகிறார்கள், ஓரிடத்தில் கசிந்தால் எல்லா இடமும் போகிறது. அதனால் கட்டளை வழியாகக் கிட்டைப் பயன்படுத்துவோர் இனி அடையாளச் சீட்டோ எஸ்.எஸ்.எச். சாவியோ கொண்டுவர வேண்டும் என்று கிட்ஹப் முடிவெடுத்தது. நியாயமான முடிவுதான்.

சரி, சாவி வழியாகவே போவோம் என்று களஞ்சியத்தின் முகவரியை எஸ்.எஸ்.எச். வடிவத்துக்கு மாற்றினேன். மறுப்பு. என் சாவி என் மடிக்கணினியில் இருக்கிறது, வழங்கியில் இல்லை. அதை வழங்கியில் நகலெடுத்து வைக்கக் கூடாது. ஒன்பது நாட்களில் யார் கைக்கோ போகப்போகும் வாடகை வீட்டில் யாராவது சாவியை விட்டுவருவார்களா? இதற்கென்று 'முகவரை முன்னனுப்புதல்' என்று ஒரு வசதி உண்டு. மடிக்கணினியில் இருக்கும் சாவியிடம், நடுவில் உள்ள வழங்கி, 'இந்தக் கணக்கை மட்டும் போட்டுக்கொடு' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் வழங்கியின் நிர்வாகி நினைத்தால் உங்கள் பெயரில் எங்கும் நுழையலாம் என்பதால் நம்பகமான இடங்களில் மட்டுமே செய்யவேண்டியது. இங்கே நிர்வாகி நான்தான். செய்தேன். மறுப்பு.

களஞ்சியம் சாரின் கோப்புறையில் இருந்ததால், அதைத் தொடுவதற்கு 'ஸூடோ' என்ற நிர்வாகி அதிகாரத்தைப் போட்டுக்கொண்டு தள்ளினேன். மறுப்பு. மறுபடியும் தள்ளினேன். மறுப்பு. இரவு ஒரு மணிக்குத்தான் உறைத்தது. நிர்வாகியாக மாறிய அந்தக் கணத்தில் நான் நானாக இல்லை. என் முகவர் என்னோடு நின்றுவிட்டார். நிர்வாகிக்குக் கிட்ஹப்பில் சாவியே கிடையாது. வழங்கியில் சர்வ வல்லமை படைத்த பயனர் அடுத்த வீட்டு வாசலில் அநாதை.

அந்த நேரத்தில் ஒரு குறுக்குவழி தோன்றியது. எதற்கு இவ்வளவு? உரைக்கோப்புகளை மட்டும் என் மடிக்கணினிக்கு நகலெடுத்து, என் கணக்கில் புதிதாக ஒரு களஞ்சியம் திறந்து, எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகப் போட்டுவிட்டால் ஐந்து நிமிட வேலை. உரை பிழைத்துக்கொள்ளும். மறைமலையடிகள் பிழைத்துக்கொள்வார். கட்டளையைத் தட்டியும்விட்டேன். குறிப்பு எழுதச் சொல்லிக் கேட்டது. 'முதல் பதிவு' என்று எழுதினேன். அதன் கீழே யார் செய்த பதிவு என்ற இடத்தில் என் பெயர் வந்து நின்றது.

நான் ஒரு பக்கம்கூடத் தட்டச்சு செய்தவனில்லை. கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

*

காலையில் பல் துலக்கும்போது விடை வந்தது. சொன்னால் தொழில் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வழங்கியிலிருந்துதான் கிட்ஹப்புக்குப் போகவேண்டும் என்று யார் சொன்னது? மாதாமாதம் அப்படிச் செய்து பழகியதால் அதுவே வழி என்று இருந்துவிட்டேன். கிட்டில் மூலப்பிரதி, நகல் என்ற ஏற்றத்தாழ்வு கிடையாது. படியெடுத்தால் முதல் நாளிலிருந்து எல்லாக் கமிட்களும், எல்லாப் பெயர்களும், எல்லாக் குறிப்புகளும் சேர்ந்தே வரும். கோப்புறையைத்தான் 'பிறர் பார்க்கலாம்' என்று வைத்திருந்தோமே. நிர்வாகி வேஷம் எதுவும் வேண்டாம். என் சாவியோடு, என் பெயரில் வழங்கிக்குள் போய், சாரின் களஞ்சியத்தை என் மடிக்கணினிக்குப் படியெடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 2016லிருந்து அவர் செய்த ஆயிரத்துச் சொச்சம் கமிட்களும் பீர்க்கன்கரணைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

இனி மடிக்கணினியிலிருந்து கிட்ஹப். முதலில் என்னைத் தெரிகிறதா என்று சோதித்தேன். அங்கே எல்லாரும் 'கிட்' என்ற ஒரே பயனர் பெயரில்தான் கதவைத் தட்டவேண்டும்; சாவியை வைத்தே ஆளைக் கண்டுகொள்வார்கள். சொந்தப் பெயரில் தட்டி மறுக்கப்பட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. என் பெயர் சொல்லி வணக்கம் வைத்தது. அடையாளம் உறுதி. தள்ளினேன். மறுப்பு.

ஆனால் இது வேறு மறுப்பு. செய்தியை நிதானமாகப் படித்தேன். 'இந்தக் களஞ்சியத்தில் எழுத இன்னாருக்கு அனுமதியில்லை' என்று, இன்னார் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டே சொல்லியிருந்தது. அதாவது, நீ யாரென்று தெரியும்; இது உன் வீடு இல்லை. களஞ்சியம் சாரின் கணக்கில் இருந்தது. ஐந்து வருடங்களில் என்னை அதில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்கவேயில்லை. அவர் பக்கத்தில் இருந்தார், தேவைப்படவில்லை.

கதவு உண்மையில் மூன்று கேள்விகள் கேட்கிறது. இது சரியான வீடுதானா என்பது வருகிறவன் கேட்கவேண்டியது. நீ யார் என்பது வீடு கேட்பது. உனக்கு இங்கே என்ன உரிமை என்பது மூன்றாவது. மூன்றிலும் தோற்றால் வருவது ஏறக்குறைய ஒரே வாசகம். எந்தக் கேள்வியில் தோற்றோம் என்று பார்க்காமல் சாவியையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பதுதான் நாங்கள் எல்லாரும் செய்யும் தவறு. முந்தின இரவு நான் மாட்டிக்கொண்டது இரண்டாவதில். இப்போது நின்றது மூன்றாவதில். இதற்குச் சாவி மாற்றிப் பயனில்லை.

சார் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் அந்தச் சிறிய டைரியை எடுத்துவந்து கொடுத்தார்.

"பாஸ்வேர்டு இதுல இருக்கும் பாருங்க தம்பி. நீங்களே போட்டு எடுத்துக்குங்க. அவரு என்ன சொல்லப்போறாரு?"

டைரியைப் பிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிரித்தேன். முதல் பக்கத்தில் கட்டளைகள், அவருடைய முத்துமுத்தான கையெழுத்தில். இரண்டாம் பக்கத்தில் கடவுச்சொல். கட்டளை வழியாகத் தள்ளுவதற்குத்தான் அது செல்லாமல் போயிருந்தது. இணையப் பக்கத்தில் சாராக நுழைய இன்னும் செல்லும். நுழைந்தால் சார் பெயரில் ஓர் அடையாளச் சீட்டு எழுதிக்கொள்ளலாம். தெரியாத கணினியிலிருந்து நுழைவதால் அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு எண் அனுப்பும். அதற்கு அந்த மின்னஞ்சலையும் திறக்கவேண்டும். அதற்கு அவருடைய தொலைபேசி. ஒவ்வொரு கதவிலும் நான் சார் என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும்.

பதிவுத் தபால் கதைகளில் சார் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. விலாசதாரர் இறந்துவிட்டால் அவருக்காக யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கக் கூடாது. 'விலாசதாரர் காலமானார்' என்று எழுதி அனுப்பியவருக்கே திருப்பவேண்டும். "புள்ளையா இருந்தாலும் அப்பா கையெழுத்தப் போட முடியாது தம்பி. அவன் கையெழுத்த அவன் போடலாம்."

நான் பெரிய அறவாளி என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. சாராக நுழைவது தேவையில்லை என்பது அந்தக் கூடத்தில் நின்றபோது புரிந்தது. கிட்டில் ஒரு விசித்திரம் உண்டு. தள்ளுகிறவர் யார் என்பதைத்தான் கதவு சோதிக்கிறது. எழுதியவர் யார் என்பது ஒவ்வொரு கமிட்டுக்குள்ளும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. கதவு அதைச் சோதிப்பதேயில்லை. இரண்டும் ஒருவராக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. என் சாவியோடு, என் பெயரில், என் கணக்கில் ஒரு களஞ்சியம் திறந்து சாரின் கமிட்களைத் தள்ளினால், அவை சார் எழுதியவையாகவே அங்கும் இருக்கும். என் பெயர் சுமந்து வந்தவன் என்ற அளவில் நிற்கும். ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவர் கடைசி ஏட்டில் தம் பெயரைப் போட்டுக்கொண்டதால் நூல் அவருடையது ஆகிவிடவில்லையே.

இதில் ஓர் அபாயமும் இருக்கிறது. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் நாம் எதைத் தட்டினாலும் கிட் நம்பிவிடும். கம்பர் என்று தட்டினால் கம்பர். அதைத் தடுக்கக் கமிட்களுக்கே கையொப்பம் இடும் முறை உண்டு. சார் அதைச் செய்திருக்கவில்லை, நானும் சொல்லித்தரவில்லை. பழைய கமிட் ஒன்றில் பெயரை மாற்றினால் அதற்குப் பின்வரும் எல்லாக் கமிட்களின் அடையாள எண்களும் மாறிவிடும். வேறு பிரதி வைத்திருப்பவர் ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். அவ்வளவுதான் காவல். சாவிகளும் பூட்டுகளும் சுமந்து வருபவனைச் சோதிக்கின்றன. எழுதியவன் பெயரைக் காப்பாற்றுவது சுமந்து வருபவன் கையில்தான் இருக்கிறது. அன்றிரவு 'முதல் பதிவு' என்று எழுதி நான் தள்ளியிருந்தால் எந்தக் கதவும் என்னை மறித்திருக்காது. அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி தாராளமாகக் கிடைத்திருக்கும்.

டைரியை அம்மாவிடமே கொடுத்தேன். வீட்டுக்கு வந்து தள்ளினேன். இம்முறை மறுப்பில்லை. 31ஆம் தேதி வழங்கியின் வாடகை முடிந்தது. சாரின் பழைய கணக்கு மார்ச் 7ல் நின்றபடி இன்றும் அப்படியே இருக்கிறது.

*

அந்த ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பீர்க்கன்கரணைப் பேரூராட்சி அதில் கரைந்தது. வீடு அதே வீடு, பெயர்ப்பலகை மட்டும் வேறு.

2023 மார்ச் 24 அன்று காலை கிட்ஹப்பின் பெயர்ப்பலகையும் மாறியது. அவர்களுடைய வழங்கிச் சாவிகளில் ஒன்று தவறுதலாகச் சிறிது நேரம் பொதுக்களஞ்சியம் ஒன்றில் வெளிப்பட்டுவிட்டதால் அதை மாற்றிவிட்டார்கள். உலகமெங்கும் எங்களைப் போன்றவர்களின் திரைகளில் 'எச்சரிக்கை, எதிரில் இருப்பவரின் அடையாளம் மாறிவிட்டது' என்று பெரிய எழுத்துகளில் வந்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பையன் பழைய அடையாளத்தை அழித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' தட்டினான். நான் கிட்ஹப் அறிவித்திருந்த புதிய கைரேகையைத் திறந்துவைத்து, திரையில் விரல் வைத்து, ஓரெழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பார்த்தேன். "என்ன சார், ரசீது செக் பண்றீங்களா?" என்று சிரித்தான். ஆமாம் என்றேன்.

பக்கம் 112, கீழிருந்து நான்காம் வரி பாக்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை எழும்பூர் போய்க் கன்னிமராவில் கேட்டு, அந்தப் பதிப்பின் இன்னொரு பிரதியை வாங்கிப் பார்த்தேன். பூச்சி தின்றிருந்தது ஒரு சிறிய சொல். அது இல்லாமலும் வாக்கியம் நின்றிருக்கும். வீட்டுக்கு வந்து அதைச் சேர்த்தேன். குறிப்பில் 'பக்கம் 112, ஐயம் தீர்ந்தது. கன்னிமராப் பிரதியோடு ஒப்பிட்டது' என்று எழுதினேன். பட்டியலில் சாரின் பெயர் வரிசையாக வந்து, மேலே கடைசியாக ஒரே ஒரு வரியில் என் பெயர் நின்றது. அதற்கு எனக்கு உரிமை இருந்தது.

மறுநாள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துகள் சிறியதாகத் தெரிந்தன, பெரிதாக்கிக் கொடுத்தேன். விரலால் மெல்ல இறக்கிக்கொண்டே போனார்.

"இவ்வளவு ராத்திரியா முழிச்சிருந்தாரு?" என்று கேட்டார்.